ஜங்ஷன் பாக்ஸுக்கு வயது எத்தனை?

தறி ஊரான ஜலகண்டாபுரத்தில் வீடு எங்கே முடிகிறது, தறிக்கூடம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சுவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. மீட்டரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்று வீட்டு இணைப்பு. இன்னொன்று, கட்டண அட்டவணையில் 3-ஏ-2 என்று வரும் விசைத்தறி இணைப்பு. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். விசைத்தறிக்கு 750 ஆக இருந்தது 2023 மார்ச்சிலிருந்து 1000 ஆகியிருக்கிறது. இந்த யூனிட் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்பவர்களிடம், அந்தக் கரண்ட் எந்த ஒயர் வழியாக எந்தப் பிளக்குக்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். "அது எலக்ட்ரீஷியனுக்குத்தாங்க தெரியும்" என்பார்கள். எலக்ட்ரீஷியனைக் கேட்டால், "நான் போட்டது இவ்வளவுதாங்க, மீதியெல்லாம் அவங்களே இழுத்துக்கிட்டது" என்பார்.

அந்த 'மீதி'யைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஜங்ஷன் பாக்ஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்பைக் பஸ்டர் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் அது ஒரு நாள் வேலைக்கான சாமான். சுவரில் துளை போட, விசேஷ வீட்டில் கூடுதலாக ஒரு ஃபேன் வைக்க. வேலை முடிந்ததும் சுற்றி எடுத்து வைத்துவிட வேண்டும். ஆணியில் மாட்டி, கட்டுக்கம்பியால் இறுக்கி, ஒரு தீபாவளியைத் தாண்டிவிட்டதென்றால் அது எக்ஸ்டென்ஷன் இல்லை, ஒயரிங். அதுவும் எர்த் பார்க்காத, பியூஸ் பொருந்தாத, யாரும் பொறுப்பேற்காத ஒயரிங். வீட்டிலும் கூடத்திலும் இருக்கும் ஒவ்வொரு பாக்ஸையும் பார்த்து, இது இங்கே வந்து எத்தனை நாளாகிறது என்று கேளுங்கள். மாதக்கணக்கில் பதில் வந்தால் அந்த இடத்துக்குத் தேவை சுவரில் ஒரு பிளக் பாயிண்ட். இன்னொரு பாக்ஸ் இல்லை.

பாக்ஸ் வாங்குகிறவர்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகள் அறைக்கு ஒரு லைட், ஒரு ஃபேன், சுவிட்ச் போர்டில் ஒரு பிளக் என்ற கணக்கில் ஒயரிங் செய்யப்பட்டவை. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழ்நாடு அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியது. மூன்று சாமான்கள் ஒரே நாளில் வீட்டுக்குள் வந்தன. பிளக் பாயிண்ட் வரவில்லை. பின்னாலேயே ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இண்டக்ஷன் அடுப்பு, ஆளுக்கொரு செல்போன். கூடத்திலும் இதே கதைதான். தறி மோட்டாருக்கு மட்டும் கனகச்சிதமாக லைன் இழுத்திருப்பார்கள். நூலைத் தாராகச் சுற்றும் மெஷின், டேபிள் ஃபேன், தறிக்கு மேல் தொங்கும் எல்.இ.டி. டியூப், பாட்டுப் பெட்டி, ஆறேழு பேரின் போன் சார்ஜர் எல்லாம் ஒரே ஒரு பாக்ஸை நம்பித் தொங்கும்.

பாக்ஸின் முதுகைப் படியுங்கள்

பாக்ஸைத் திருப்பினால் பின்பக்கம் 6 ஆம்பியர் அல்லது 16 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். எழுதவே இல்லையென்றால் அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 6-ஐ 230-ஆல் பெருக்கினால் 1380 வாட். அந்தப் பாக்ஸில் எத்தனை துளை இருந்தாலும், எல்லாத் துளைகளுக்கும் சேர்த்து அவ்வளவுதான். 16 ஆம்பியர் என்றால் 3680 வாட். துளைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு.

இனி சாமான் பக்கம். செல்போன் சார்ஜர் 20 வாட், டேபிள் ஃபேன் 50 முதல் 75, கிரைண்டர் 150-ஐ ஒட்டி. இவற்றை ஒன்றாகப் போட்டாலும் 6 ஆம்பியர் பாக்ஸ் தாங்கும். மிக்ஸி 500 முதல் 750, அயர்ன் பாக்ஸ் 750 முதல் 1000. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் கணக்கு தாண்டிவிடலாம். தண்ணீர் காய வைக்கும் ஹீட்டர் ராடு 1500 வாட், இண்டக்ஷன் அடுப்பு 2000, கீசர் 2000 முதல் 3000. இந்த மூன்றும் எந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் சொருகக் கூடாதவை. தனி லைனில் உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக்தான் அவற்றின் இடம். ஏ.சி.யும் அப்படியே.

நம்மவர்கள் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பெரிய பின் பிளக்கைச் சின்னத் துளையில் சொருக உதவும் கன்வெர்ட்டர் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கொத்தாகத் தொங்கும். பின்னைப் பெரிதாகச் செய்ததே சின்னத் துளைக்குள் போகக் கூடாது என்பதற்காகத்தான். அந்தத் தடையை விலை கொடுத்து வாங்கி உடைக்கிறோம். வீட்டில் இருந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். ஸ்பைக் பஸ்டர் என்ற பெயரும் ஆளை ஏமாற்றும். திடீரென்று எகிறும் மின்னழுத்தத்திலிருந்து டி.வி.யையும் கம்ப்யூட்டரையும் காப்பதற்காக வந்த சாமான் அது. அதிக லோடைத் தாங்கும் சக்தி அதற்கு எங்கிருந்தும் கூடுதலாக வந்துவிடாது.

ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் சொருகும்போது சுவரில் இருக்கும் முதல் பிளக்தான் எல்லாச் சுமையையும் இழுக்கிறது. இரண்டாவது பாக்ஸில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒயரின் கனமும் பார்க்க வேண்டியது. விலை குறைந்த பாக்ஸ்களில் வரும் 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஏறக்குறைய 6, 7 ஆம்பியருக்கு மேல் தாங்காது, 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 15 ஆம்பியரை ஒட்டித் தாங்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். அதனால்தான் 'கொஞ்சம்தானே கூடுதல்' என்று நாம் நினைப்பதை ஒயர் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. வாங்கும்போது ஒயரில் ஐ.எஸ். 694, பிளக்கிலும் சாக்கெட்டிலும் ஐ.எஸ். 1293 என்ற எண்களோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். எல்லா நாட்டுப் பின்னும் நுழையும்படி வாயைப் பிளந்திருக்கும் யுனிவர்சல் சாக்கெட் பார்க்க வசதியாக இருக்கும். ஆனால் எந்தப் பின்னையும் அது இறுக்கிப் பிடிக்காது.

தளர்ந்த ஸ்குரூ, பஞ்சு, தீ

நடு ஒயரில் தீப்பிடிப்பது அபூர்வம். பிளக் பின் சாக்கெட்டைத் தொடும் இடம், ஸ்குரூவுக்கு அடியில் கம்பி நசுங்கும் இடம், டேப் சுற்றிய ஜாயிண்ட், இங்கேதான் பிடிக்கும். அந்தத் தொடுதல் தளர்ந்தால் அங்கே தடை கூடும், தடை கூடினால் சூடு, சூட்டில் பித்தளை இன்னும் தளரும். பியூஸுக்கோ எம்.சி.பி.க்கோ இது தெரியவே தெரியாது, ஏனென்றால் கரண்ட் அளவு கூடவில்லை. அளவான கரண்ட்டிலேயே ஒரு பிளக் கருகிப் போகும்.

1997 ஜூன் 13 அன்று தில்லி உப்ஹார் திரையரங்கில் நடந்தது இதுதான். காலையில் தரைத்தள டிரான்ஸ்பார்மரில் ஒரு சிறு தீ. மின்வாரிய ஆட்கள் வந்தார்கள். கேபிள் முனையை அழுத்திப் பொருத்தக் கிரிம்பிங் மெஷின் வேண்டும். அது இல்லாமல் சுத்தியலால் தட்டிப் பொருத்திவிட்டுப் போனார்கள். அன்று மாலை படம் ஓடிக்கொண்டிருந்தபோது அந்தத் தளர்ந்த இணைப்பு பொறி கக்கி, கேபிள் கழன்று விழுந்து, டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் தீப்பிடித்தது. மேலே படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 59 பேர் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். டிரான்ஸ்பார்மர் அளவில் நடந்தது பிளக் அளவிலும் அதே காரணத்தால்தான் நடக்கும்.

தறிக்கூடத்தில் இந்த ஆபத்து மற்றப் பல வேலையிடங்களைவிட அதிகம். முதல் காரணம் அதிர்வு. தறி ஓடும்போது தரையே அதிர்கிறது. தறிச் சட்டத்தில் கட்டிவைத்த பாக்ஸின் ஸ்குரூ அத்தனையும் நாள் முழுக்க அந்த அதிர்வை வாங்குகின்றன. நேற்று இறுக்கமாக இருந்தது ஆறு மாதத்தில் ஆட்டம் கண்டுவிடும். இரண்டாவது, பஞ்சு. நூலிலிருந்து உதிரும் பஞ்சுத் தூசி சாக்கெட் துளைக்குள்ளும் சுவிட்ச் பெட்டிக்குள்ளும் மெத்தைபோல அடைந்திருக்கும். தளர்ந்த பின்னிலிருந்து ஒரு பொறி போதும், அது பற்றிக்கொள்ள. பக்கத்திலேயே நூல் மூட்டையும் துணிக் கட்டும் இருக்கின்றன. மூன்றாவது, எண்ணெய். தறிக்கு விடும் எண்ணெய் சொட்டிச் சொட்டி ஒயரின் மேலுறையைக் கெடுக்கும்.

ஆகவே கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு முதல் விதி: தறிச் சட்டத்தில் எந்தப் பாக்ஸும் வேண்டாம். சுவரில், தறியின் அதிர்வு எட்டாத உயரத்தில், மூடியுள்ள சாக்கெட் இருக்கட்டும். ஒயர் தரையில் ஓட வேண்டாம். நடைபாதையில் மிதிபட்டும், தார் கூடை இழுபட்டும் மேலுறை கிழிவது அங்கேதான். ஷிப்ட் மாறும்போது மெயினை அணைத்துவிட்டுப் பெயிண்ட் பிரஷால் சாக்கெட் வாயைத் தட்டிவிட ஐந்து நிமிடம் போதும். கரண்ட் இருக்கும்போது வாயால் ஊதுவதும் ஈரத்துணியால் துடைப்பதும் கூடாது.

சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சாமான் அரை மணி நேரம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, அதன் உடம்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் கவனிக்க வேண்டும். சுட்டால், அல்லது சாக்கெட் மஞ்சள் பூத்து, துளையோரம் கருத்து, கருகல் வாடை வந்தால், அந்தச் சாக்கெட்டின் வேலை முடிந்துவிட்டது. பின்னை விரித்து, தீக்குச்சி செருகி, கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்த்துவைத்து ஓட்டுவதில் நாம் கைதேர்ந்தவர்கள். புதுச் சாக்கெட் நூற்றைம்பது ரூபாயை ஒட்டித்தான் வரும்.

நீள ஒயர் மோட்டாரைத் தின்னும்

இதை முதலாளிமார்கள் கொஞ்சம் நின்று படிக்கலாம். சிங்கிள் பேஸில் ஓடும் 1 ஹெச்.பி. மோட்டாரை, பக்கத்துக் கொட்டகைக்கு நகர்த்தி, 30 மீட்டர் நீளமுள்ள 0.75 ஒயரில் இணைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போக 30, வர 30, ஆக 60 மீட்டர் செம்பு. அதன் தடை ஒன்றரை ஓம்முக்குச் சற்று மேல். மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 11 வோல்ட் தொலைகிறது. அதுகூடப் பரவாயில்லை. ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஐந்து மடங்கு கரண்ட் இழுக்கும். அப்போது 50 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும். மோட்டாருக்குக் கிடைப்பது 175 வோல்ட்டை ஒட்டி. 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு கிளம்பாமல் நிற்கும், காயில் சுடும், வாடை வரும். மறுபடி மறுபடி ஸ்விட்ச் போட்டால் காயில் கட்டக் கொண்டுபோக வேண்டியதுதான். ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த ஒயர் சூடாவதற்கே 75 வாட் போகிறது. ஒரு டேபிள் ஃபேனுக்கான கரண்ட். 1000 யூனிட் இலவசத்தில் இதுவும் அடக்கம்.

அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். காயில் கட்டும் கூலியும், தறி நிற்கும் நாட்களும், ஒயர் விலையும் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளிலும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிப் பட்டறைகளிலும் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் வேலை நடக்காது. கிரைண்டிங் மெஷினும் டிரில்லும் வண்டியைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அங்கே சரியான சாமான் கனமான ரப்பர் உறை போட்ட மூன்று கோர் கேபிளும், மூடியுள்ள இண்டஸ்ட்ரியல் பிளக்கும். உருளையில் சுற்றிய கேபிளைப் பாதி மட்டும் அவிழ்த்துப் பயன்படுத்தும் பழக்கம் அங்கே உண்டு. சுற்றிக் கிடக்கும் பகுதியில் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே உருகிவிடும். தேவை இரண்டு மீட்டர்தான் என்றாலும் முழுசாக அவிழ்த்துப் போடுங்கள்.

மூன்றாவது பின்

பிளக்கில் மேலே இருக்கும் தடித்த பின் மற்ற இரண்டைவிட நீளம். சொருகும்போது முதலில் எர்த் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் எர்த் விலக வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். இரண்டு துளை பாக்ஸில் நுழையவில்லை என்று அதை ரம்பத்தால் அறுத்துவிடும் கைகள் நம் ஊரில் ஏராளம். எர்த் இல்லாவிட்டாலும் சாமான் ஓடும் என்பதுதான் சிக்கலே. கிரைண்டரின் உலோக உடம்பில் உள்ளே ஒரு ஒயர் உரசி நிற்கும். நாம் ஈரக் கையோடு மாவு வழிக்கத் தொடும் வரை யாருக்கும் தெரியாது. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய் பியூஸை அடித்துப் போட்டிருக்கும். கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ், தறி மோட்டார் ஆகியவற்றுக்கு எர்த் இல்லாமல் கரண்ட் கொடுக்கவே கூடாது. சார்ஜர் மாதிரி சாமான்களில் சதுரத்துக்குள் சதுரம் குறி போட்டிருந்தால் அவற்றுக்கு இரண்டு பின் போதும்.

பிளக்கில் எர்த் பின் இருப்பது மட்டும் எர்த் ஆகாது. பாக்ஸ் ஒயருக்குள் பச்சை மஞ்சள் கோர் இருக்க வேண்டும், சுவர் சாக்கெட்டின் எர்த் துளைக்குப் பின்னால் நிஜமாகவே கம்பி வந்திருக்க வேண்டும், அந்தக் கம்பி வெளியே எர்த் குழிவரை அறுபடாமல் போயிருக்க வேண்டும். உப்பும் கரியும் போட்டுப் பைப் இறக்கிய அந்தக் குழி சித்திரை வெயிலில் காய்ந்து கிடந்தால் எர்த் பலவீனம்தான். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். குழி எங்கே இருக்கிறது என்றே தெரியாத வீடுகளும் உண்டு. அதன் மேலேயே சிமெண்ட் தளம் போட்டிருப்பார்கள்.

பியூஸ் இருக்கிறது, ஷாக் அடிக்காது என்பது இன்னொரு நம்பிக்கை. பியூஸும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பவை. ஆளைக் காப்பவை அல்ல. மனித உடம்பில் 10 மில்லி ஆம்பியரை ஒட்டிப் பாய்ந்தாலே பிடித்ததை விட முடியாமல் கை இறுகிப் போகலாம். 50-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். 6 ஆம்பியர் எம்.சி.பி. விழ வேண்டுமென்றால் 6000 மில்லி ஆம்பியருக்கு மேல் போக வேண்டும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. அல்லது ஆர்.சி.டி. என்கிற கசிவு மின் துண்டிப்பான். பேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. பொருத்த வேண்டும் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியே சொல்கிறது. விலை சில ஆயிரம் ரூபாய்க்குள். நாட்டில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. கையில் ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முதலில் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள் என்பேன். மற்றதெல்லாம் அப்புறம்.

பொருத்தியதும் அடிக்கடி விழுகிறது என்று சிலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். அது விழுகிறதென்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்; தேடிப் பிடிக்க வேண்டும். பழைய பியூஸ் கட்டையில் கம்பி போகிறது என்று கனமான செம்புக் கம்பியை முறுக்கிவைப்பதும் இதே ரகம்.

இரண்டு மீட்டர், ஒரு வீடு

நம் ஊருக்கே உரிய ஆபத்து இது. வீட்டில் யூனிட் ஏறுகிறதென்று தறி இணைப்பிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு ஒயரை அடுக்களைக்கு இழுப்பது. அல்லது தறி லைனில் பேஸ் போனால் வீட்டிலிருந்து கூடத்துக்கு. சட்டப்படி ஒரு பயன்பாட்டுக்குத் தந்த மின்சாரத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவில் வரும். அபராதத்தோடு கணக்கிட்டு வசூலிப்பார்கள். அபராதத்தைவிட எனக்குக் கவலை வேறு.

வீட்டில் ஒரு பிளக் கெட்டுப்போகிறது. வீட்டு மெயினை அணைத்துவிட்டு ஸ்குரூ டிரைவரோடு உட்காருகிறீர்கள். அந்தப் பிளக்குக்குக் கரண்ட் வருவது தறி இணைப்பிலிருந்து. மெயின் அணைந்திருக்கிறது, கை வைத்த கம்பி உயிரோடு இருக்கிறது. இழுத்தவர் உங்கள் அப்பாவாகவோ பழைய குடித்தனக்காரராகவோ இருக்கலாம், உங்களுக்குத் தெரிந்திருக்காது. அடுத்து, இரண்டு இணைப்பும் வெவ்வேறு பேஸில் இருந்தால், பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு பாக்ஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட் நிற்கும். நியூட்ரலை மாற்றி இணைத்தால் ஆர்.சி.சி.பி. நிற்கவே நிற்காது, விழுந்துகொண்டே இருக்கும்.

ஆகவே கை வைப்பதற்கு முன் இரண்டு மெயினும் அணைய வேண்டும். அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். அணைப்பதற்கு முன்பே, கரண்ட் உள்ள இடத்தில் ஒருமுறை வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சந்தேகமான இடத்தில் வைக்க வேண்டும்.

எப்படிக் கேட்பது, யாரைக் கூப்பிடுவது

புதிதாகத் தறிக்கு வந்த பையனோ பெண்ணோ, முதலாளியிடம் போய் "இங்கே பாதுகாப்பு இல்லீங்க" என்றால் அவருக்குக் கோபம்தான் வரும். நோட்டம் விட்டு, ஒரே ஒரு விஷயத்தை, கண்ணால் பார்க்கும்படி சொல்லுங்கள். "அண்ணா, மூணாம் தறி பிளக் சுடுதுங்க, ஒரு தடவை தொட்டுப் பாருங்க" என்றால் தொட்டுப் பார்ப்பார். "மோட்டார் கிளம்ப மாட்டேங்குதுங்க, ஒயர் சின்னதா இருக்குமோன்னு தோணுது, காயில் போயிருமுங்க" என்றால் காதில் ஏறும். போனில் ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், தேதியோடு நிற்கும். ஷாக் அடித்ததென்றால், சின்னதாக இருந்தாலும், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். "லேசாத்தான் இழுத்துச்சு" என்று சிரித்துவிட்டுப் போகும் மெஷினை மறுநாள் ஈரக் காலோடு வேறொருவர் தொடுவார். நூல் அறுபடாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளிக்கும் கூடங்களில் இது விளையாட்டே இல்லை. செருப்பில்லாமல் சுவிட்ச் பக்கம் போகாதீர்கள்.

மீட்டருக்கு அந்தப் பக்கம் மின்வாரியம், இந்தப் பக்கம் நீங்கள். லைனில் பொறி பறந்தால், மீட்டர் பெட்டி சுட்டால் மின்னகம் எண் 94987 94987. மீட்டருக்கு இந்தப் பக்கம் என்றால் உரிமம் உள்ள மின்கம்பியாள். நமக்குத் தெரிந்த, கூப்பிட்டதும் பைக்கில் வரும் தம்பி நன்றாகவே வேலை செய்யலாம். அவரிடம் எர்த்தை அளந்து காட்டச் சொல்லிப் பாருங்கள், கையில் மீட்டர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அந்தத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. தறி வேலை ஏறி இறங்கும் ஊரில் ஒயரிங் நல்ல பிழைப்பு. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு 2 ஆண்டு, பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு. ஒயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்புப் போதும். மேட்டூர் அணையிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. படிக்காமல் கையோடு தொழில் கற்று ஐந்து ஆண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவர்களுக்கு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. அந்தச் சான்றிதழ் இருந்தால் கூலியைக் கேட்டு வாங்கலாம். சொன்ன பேச்சுக்கும் மதிப்பு வரும்.

அடித்துவிட்டால்

ஒருவரைக் கரண்ட் பிடித்திருந்தால் அவரைத் தொடக் கூடாது, மெயினை அணையுங்கள். மெயின் தூரத்தில் இருந்தால் காய்ந்த கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி, இவற்றால் ஒயரைத் தள்ளுங்கள். தறிக்கூடத்தில் கைக்கு எட்டுவதெல்லாம் இரும்பாகத்தான் இருக்கும், அதனால் மெயின் பக்கத்திலேயே ஒரு காய்ந்த மூங்கில் கம்பைச் சாத்தி வையுங்கள். விடுபட்டதும் மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். மணலில் புதைப்பது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும். எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும். மின் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மெயினை அணைத்து, உலர் பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை அடியுங்கள். மணல் வாளியாவது இருக்கட்டும்.

இதையெல்லாம் எப்போது செய்வது என்று கேட்பவர்களுக்கு ஊரிலேயே ஒரு நாள் இருக்கிறது: ஆயுத பூஜை. அன்று தறி நிற்கும், கூடம் கழுவப்படும், ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கப்படும். சுவிட்ச் போர்டுக்கும் ஈரச் சந்தனம் வைப்பார்கள். அங்கே மட்டும் வேண்டாம், பக்கத்துச் சுவரில் வையுங்கள். கழுவும் முன்பே இரண்டு மெயினையும் அணைத்து, பாக்ஸ் எல்லாவற்றையும் பிடுங்கி ஒரே இடத்தில் குவியுங்கள். மேலுறை வெடித்தவை, பின் அறுந்தவை, டேப் சுற்றியவை குப்பைக்கு. மீதியில் எதெது போன ஆயுத பூஜையிலும் அதே ஆணியில் தொங்கியது என்று எண்ணினால், எத்தனை பிளக் பாயிண்ட் புதிதாக வேண்டும் என்ற கணக்கு கிடைத்துவிடும். அந்தக் கணக்கோடு கம்பியாளுக்குப் போன் போடுங்கள். தரை நன்றாகக் காய்ந்த பிறகு மெயினைப் போட்டு, ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று குறித்த பொத்தானை அழுத்துங்கள். விழுந்தால் தூக்கிவிட்டுத் தறியை ஓட்டலாம். விழவில்லை என்றால் புதியது வாங்கிப் பொருத்தும் வரை ஓட்ட வேண்டாம்.